சிலிக்கோன் ரப்பரும் மத்தியானப் பாலும்

ரப்பர் வேலையில் நம் கண்ணுக்குத் தெரிவது தப்பு மட்டும்தான்; சரியாக வந்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் சகோதரிகளே, மீதி உங்களுக்கே தெரியும்.

திண்டிவனத்தில் ஒரு தகர ஷெட். சிலிக்கோன் என்ற பசையில் சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியைச் சேர்த்து, இரட்டை உருளையில் பிசைந்து, சூடான அச்சில் அழுத்தி வாஷர் எடுப்போம். பொடி சேர்ந்தால்தான் ரப்பருக்குப் பலம். நான் கான்வென்டில் படித்தவள் என்பதால், மதராஸ் துறைமுகத்திலிருந்து வரும் டின்னோடு இருக்கும் இங்கிலீஷ் தாளைப் படித்துச் சொல்வதும், பொடி தூவுவதும் என் வேலை. விடியுமுன் கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகே வீடு திரும்புகிறவள் நான். என் பத்து மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்க மத்தியானம் ஒரு மணி நேரம்தான், அதுவும் முதலாளியிடம் கெஞ்சி வாங்கியது. அது போய்விடுமோ என்று தினமும் பயம்.

மொத்தமாகக் கொட்டியது

பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூவ வேண்டும். ஒருநாள் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் மிச்சத்தை அப்படியே கொட்டினேன். உருளையில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. உருளை ஓட்டும் கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, கொழந்தைக்கும் இப்படித்தான் ஒரே வாயா ஊட்டுவியா?"

கல்லானது

பிசைந்து வைத்தது மறுநாள் காலையில் கல்லாகக் கிடந்தது. போச்சு என்று உட்கார்ந்து அழுதேன். கன்னியப்பன் அதை எடுத்து உருளையில் விட்டார். "ஏம்மா அழுதுக்கினு கீறே? ரெண்டு சுத்து வுட்டா பழையபடி எளகிடும்."

மழை நாள்

மழைக்காலத்தில் பொடி ஈரத்தைக் குடித்துவிடும். முதலில் இரண்டு மணி நேரம் சூட்டில் காயவைக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. படித்துச் சொன்னவளே நான்தான். காயவைத்தால் பால் நேரம் தவறும். அப்படியே தூவிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அச்சிலிருந்து வந்த வளையமெல்லாம் கொப்புளம். விழுப்புரத்துப் பேக்கரிக்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, முதலாளி முன்னாலேயே கேட்டார்: "அடுப்புக் கதவுக்கு வாஷர் கேட்டா, பன்னு சுட்டு வெச்சிருக்கீங்களே?"

மூன்றாவது வாரம்

இரண்டு வாரம் மத்தியானம் வெளியே போகக்கூடாது என்றார் முதலாளி. ரவிக்கை நனைந்ததும், ஷெட்டுக்குப் பின்னால் பீய்ச்சி மண்ணில் விட்டதும் முதல் வாரத்தோடு சரி. அப்புறம் நனையவே இல்லை.

அனுமதி திரும்பக் கிடைத்த அன்று ஓட்டமாக ஓடினேன். பிள்ளை என் மார்பில் வாய் வைத்தான், வீறிட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாத்தனார் கிண்ணத்தோடு வந்தாள். "மறந்துட்டான் அண்ணி. கேப்பைக் கூழுதான் இப்போ நல்லாக் குடிக்கிறான்."

கல்லாய்ப் போன ரப்பரை உருளை இரண்டே சுற்றில் இளக்கிவிடுகிறது. வற்றிய பாலுக்கு அந்த இங்கிலீஷ் தாளில் ஒரு வரிகூட இல்லை.