உல்லாஸ்நகருக்கு ஆள் சேர்த்தவர்

நூரணி விசுவநாத அனந்தநாராயணன். பாலக்காட்டில் பிறந்தது 1913, பம்பாய்க்கு வந்தது 1935, உல்லாஸ்நகரில் குடியேறியது 1964.

ஞாயிறு காலைகளில் கிங்ஸ் சர்க்கிளில், சிற்றுண்டி முடித்து ஓட்டலிலிருந்து வெளியே வருகிறவர்களை அவர் வழிமறிப்பார். உள்ளே போகிறவர்களைத் தொடுவதில்லை. பசியோடிருப்பவர்களுக்கு யோசிக்கும் பொறுமை இராது என்பது அவருடைய கணிப்பு. "உங்காத்து ஜன்னலைத் திறந்தா என்ன தெரியறது?" என்பார் எடுத்த எடுப்பில். எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டி தெரிகிறது என்றோ, இன்னொரு ஜன்னல் தெரிகிறது என்றோ பதில் வரும். "எங்காத்து ஜன்னல்ல மலை தெரியறது. முழு மலை. கேட்டேளா?"

மலைக்கு அடுத்தது சரித்திரம். யுத்த காலத்தில் பட்டாளம் தங்கக் கட்டிய நீண்ட கொட்டகைகள், பிரிவினையில் ஊரிழந்து கராச்சியிலிருந்து கப்பலேறி வந்த சிந்திக் குடும்பங்களுக்கு வீடானதை விவரிப்பார். சரித்திரம் முடிந்தால் பொருளாதாரம். காலை ரயில் ஆண்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மாலை ரயில் கொண்டுவந்து கொட்டுகிறது. இடையே ஊர் உறங்குவதில்லை. வீட்டுக்கு வீடு எதையோ தைக்கிறார்கள், கிண்டுகிறார்கள், இடுகிறார்கள். அது மறுநாள் பம்பாய்க் கடைகளில் வந்து உட்காருகிறது. "நாம ரயில்ல தொங்கறதைப் பார்த்து பாவம்ங்கறான் பம்பாய்க்காரன். அவன் தட்டுல விழறதே நம்ம ஊர்லேர்ந்து போறதாக்கும்." கேட்பவர் வெற்றிலையை மென்றபடி தலையாட்டிவிட்டு, மெல்ல நழுவிவிடுவார்.

இந்தப் பொருளாதாரத்தை அவர் தம் கண்ணால் கண்டதில்லை. கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. இருட்டோடு புறப்பட்டு, விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிறவர். பம்பாய்க்குப் போக வேண்டியவர் முதலில் எதிர்த்திசை வண்டியில் ஏறி அம்பர்நாத் வரை போவார். அங்கே கூட்டம் இறங்கியதும் அதே வண்டியில் ஜன்னலோரம் இடம்பிடித்துத் திரும்பி வருவார். முழங்கால்களுக்கிடையே குடையை நட்டு, பிடியில் மோவாயை ஊன்றி, உடன் வரும் சிந்தி வியாபாரிகள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். ஊரைப் பற்றிய அவருடைய ஞானம் முழுவதும் இந்த வண்டியில் சேர்ந்ததே.

இவ்வளவு பாடும் ஒரு கதவுக்காக. உல்லாஸ்நகர் வருமுன் நெடுங்காலம் மாதுங்காவில் மைத்துனர் சுந்தரராமனின் இரண்டு அறை வீட்டில், குறுக்கே கட்டிய திரைச்சீலைக்குப் பின்னால், மனைவி பாகீரதியோடு குடியிருந்தவர் அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்கூட்டியே கனைத்துக்கொள்ள வேண்டும். உல்லாஸ்நகரில் கிடைத்தது ஒரு கொட்டகையின் மூன்றில் ஒரு பாகந்தான். ஆனால் அதற்குச் சொந்தமாக ஒரு வாசற்கதவு உண்டு. குடிவந்த புதிதில் அதை வெறுமனே தாழிடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

பாகீரதி அம்மாள் முதல் நாள் உட்காரவே மறுத்துவிட்டார். "பேச ஒரு தமிழாள் கிடையாது. நான் சுவரோட பேசட்டுமா?" என்றார். அப்போது அனந்தநாராயணன் ஒரு வாக்குக் கொடுத்தார்: பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நடுப்பாகத்தில், அறுபத்தாறாம் வருஷச் சித்திரைக்குள் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கொண்டுவந்து வைப்பது; முடியாவிட்டால் வீட்டை விட்டுவிட்டுத் திரைச்சீலைக்கே திரும்புவது. மறுகோடியில் வசித்த கோபிபாய் என்ற சிந்தி விதவைதான் நடுப்பாகத்துக்கு உடையவர். ஆள் கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

சித்திரை பிறக்க நான்கு நாள் இருக்கையில் கிட்டு அகப்பட்டான். வங்கியில் வேலை, மாமனார் வீட்டில் ஒற்றை அறை. மனைவி விஜயலக்ஷ்மியும் அவனுமாக, அன்றே பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். தாணா வருவதற்குள் சரித்திரம் தீர்ந்துபோய், கல்யாண் வரை பொருளாதாரம் ஓடியது. உச்சிவெயிலில் வீட்டுவாசலில் நின்று மலையைச் சுட்டிக்காட்டினார். வெயிற்புகையில் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"அங்கதான் இருக்கு. எங்கேயும் போகாது," என்று உள்ளே அழைத்தார்.

வீட்டில் யாரும் இல்லை. குரல் கேட்டு பாகீரதி அம்மாள் பக்கத்துப் பாகத்திலிருந்து வந்தார்; புடவையை இழுத்துச் செருகியிருந்தார், முழங்கை வரை மாவு. வந்தவர்களை உட்காரவைத்து, சுட்ட மிளகுப் பப்படம் ஒரு தட்டிலும், ஆளுக்கொரு லோட்டாத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். சிந்திக்காரர் வீட்டில் யார் நுழைந்தாலும் முதலில் பப்படமும் தண்ணீரும், பேச்சு அப்புறந்தான். பாலக்காட்டுக்காரர் வீட்டிலோ முதலில் காப்பி. அனந்தநாராயணன் தட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காப்பி?"

"அது அப்பறம். வெயில்ல வந்தவாளுக்கு இதுதானே முறை," என்றார் அம்மாள், பிறந்தகத்திலேயே பழகிய வழக்கம் போல.

விஜயலக்ஷ்மி நடுப்பாகத்தைப் பார்க்க வேண்டுமென்றாள். கதவைத் திறந்தால் கால்வைக்க இடமில்லை. கயிற்றுக் கட்டில்கள் நெடுக ஒருபுறம் சிந்திப் பப்படம், மறுபுறம் பாலக்காட்டு அப்பளம். நடுவே கோபிபாயும் இன்னும் இரண்டு பெண்களும் குழவியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பாகீரதி அம்மாள் சிந்தியில் ஏதோ சொல்ல, மூவரும் அனந்தநாராயணனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாமா, இது காலின்னேளே?" என்றான் கிட்டு.

"காலியா? யார் சொன்னா?" என்றார் அம்மாள்.

இடத்துக்கு வழியில்லாததால் அவர்கள் ஒரு கட்டு அப்பளத்தோடு அடுத்த வண்டிக்குத் திரும்பினார்கள். அனந்தநாராயணன் முக்காலியில் ஏறிப் பரணிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கி, தூசி தட்டினார்.

"என்னத்துக்குப் பெட்டி?"

"தமிழாள் வரலை. சித்திரைக்கு நாலே நாள். சொன்ன சொல்னு ஒண்ணு இருக்கோல்லியோ. மாதுங்காவுக்குத்தான்."

"சொன்னது நீங்க. தமிழாள் எங்கேன்னு நான் கேட்டேனா?"

"அப்போ ரெண்டு வருஷமா நான் நாயா அலைஞ்சது? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"யார்ட்ட சொல்றது? பொழுது விடிஞ்சா ரயில். ஞாயித்துக்கிழமைன்னா மாதுங்கா. ராத்திரி வந்தா, சாதத்தைப் பிசைஞ்சுண்டே தூங்கறேள்." அம்மாள் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். "நான் எங்கேயும் வரலை. சுந்தரராமன் ஆத்துல எங்கே உக்காந்து அப்பளம் இடறது?"

வாசற்படியில் நின்ற கோபிபாய்க்குத் தமிழ் புரியாது, பெட்டி புரிந்தது. மழைக்காலத்தில் பப்படம் நமுத்துப்போகாமல் வைக்க இதைப் போல் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகவும், பாபுஜிக்கு இன்றாவது தோன்றியதே என்றும் இந்தியில் சொன்னார்.

பாகீரதி அம்மாள் குனிந்து பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்தார். அனந்தநாராயணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மறுகாதைப் பிடித்துத் தூக்கி, நடுப்பாகத்தை நோக்கிப் பின்புறமாகவே நடந்தார். உல்லாஸ்நகருக்கு ஆள் சேர்க்க அவர் கடைசியாகக் கிங்ஸ் சர்க்கிளில் நின்றது அன்று காலை: 1966, ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை.