பென்சிலில் நின்ற கரூர்–திண்டுக்கல் தூரம்

செவ்வாய்க்கிழமை காலை. ரெட்டியார்சத்திரத்தில் என் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தபோது பால்ச்சாமி அண்ணனின் மகள் மலர் போனில் அழைத்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாக. காப்பி குடிச்சுட்டு உக்காந்தாக, அப்பிடியே சாஞ்சுட்டாக." எழுந்து நின்றேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, அவர் ரயில் தூரம் குறித்துவைத்த அந்த நோட்டு இப்போது யார் கையில் இருக்கிறதோ என்பதுதான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ரயில் பைத்தியங்களான நம் ஏழு பேருக்கும் அவரைத் தெரியும். நில அளவை வேலையில் ஓய்வுபெற்றவர். அட்டவணையில் போட்டிருப்பது கட்டணத்துக்கான தூரம், சக்கரம் உருண்ட தூரம் வேறு என்று முதலில் நமக்குச் சொன்னவர். கிலோமீட்டர் கல்லைக் குறிப்பார். கல் தெரியாவிட்டால் மின்கம்பத்தில் எழுதிய எண்ணைப் பார்ப்பார். ஜங்ஷனில் எண் வரிசை மாறினால் பழையது, புதியது இரண்டையும் எழுதுவார். பாதையைத் திருத்திப் போட்ட இடங்களில் கல்லுக்குக் கல் ஆயிரம் மீட்டர் இருக்காது. அதற்கு அவர் வைத்த பெயர் 'குட்டைக் கிலோமீட்டர்'. "அளக்காத தூரம் தூரமில்ல அப்பு, அது ஊர்ப்பேச்சு" என்பார். என்னைக் கண்டால் கூடுதலாக ஒரு குத்து: "நீங்க பத்திர ஆளுக. முன்பத்திரத்தைப் பாத்து எழுதிட்டு நிலத்தை எட்டிக்கூடப் பாக்க மாட்டீக." நானும் சிரிப்பேன்.

போன வருடம் வடக்கே கோடியிலிருந்து நம் பக்கம் வரும் வண்டியில் நாங்கள் இருவரும் மூன்று நாள் வந்தோம். ரயில் தூரங்களைத் தொகுத்து நாம் போடவிருந்த புத்தகத்துக்கு அந்த ஒரு வண்டிதான் பாக்கி. அண்ணனுக்குக் கண்ணில் புரை. பக்கத்து எழுத்து தெரியும், தூரத்துக் கல் தெரியாது. நான் கல்லைப் பார்த்துச் சொல்ல, அவர் எழுதினார். கரூரில் கடைசித் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றோம். "இனி நம்ம வீட்டு வாசல்தான். நீயே பாத்துக் குறிச்சு வையி, கடைசியில வாங்கி எழுதிக்கிறேன்" என்றார். வெள்ளியணை வரை பார்த்தேன். அப்புறம் கண்ணைத் திறந்தபோது திண்டுக்கல் வந்துவிட்டது.

நூறு தடவை போய்வந்த பாதைதானே என்று நினைத்தேன். அட்டவணையைப் பார்த்து அந்தத் தூரத்தை அப்படியே சொன்னேன். முன்பத்திரத்தைப் பார்த்து எழுதும் கை, வேறென்ன செய்யும்?

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போது கேட்டார். "வெள்ளியணைக்கு இங்கிட்டு குட்டைக் கிலோமீட்டர் ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா அப்பு?"

"இல்லண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

சரி என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். அன்றிலிருந்து அவர் போன் வந்தால் ஒரு தடவை அடித்து ஓயவிட்டுத்தான் எடுப்பேன். புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்காமல் "இன்னும் செத்த பொறுங்கப்பு" என்று மாதக்கணக்கில் இழுத்தாரே, நீங்களெல்லாம் சலித்துக்கொண்டீர்களே, அப்போதெல்லாம் நான் தூங்கவில்லை. தெரிந்துவிட்டதா? எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவாரா? சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை அவர் வீட்டு வாசல் வரை போனேன். நான்கு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மலர் அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். "ஒங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாக சித்தப்பா." வாங்கியதும் அந்தப் பயணத்தின் பக்கத்தைத்தான் புரட்டினேன். வடகோடி முதல் கரூர் வரை எல்லாம் மையில் இருந்தது. கரூர்–திண்டுக்கல் மட்டும் பென்சிலில். அதனால் மொத்தக் கூட்டலும் பென்சிலில். ஓரத்தில் அவருடைய பொடி எழுத்து: "தம்பி தூங்கிட்டான். மூணு நாள் அலுப்பு. எழுப்ப மனசு வரல. அவனாச் சொல்லட்டும். மறுபடி ஒருக்கா சேந்து போகணும்."

டீக்கடையில் அவர் கேட்டது கல்லைப் பற்றி அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பந்தி நடக்கிற வீடு என்றும் பாராமல் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கரூர் போய், பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினேன். ஒரு கல்லையும் விடவில்லை. ஒன்றைத் தவறவிட்டோமோ என்று கம்பத்து எண்ணோடும் ஒத்துப் பார்த்தேன். எரியோடு தாண்டியதும் காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்து, "அண்ணே, அன்னைக்கு நான் தூங்கிட்டேண்ணே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கென்னப்பா, இப்ப முழிச்சுத்தான இருக்க" என்றார்.

புதிய தூரத்தை மையில் எழுதிவிட்டேன். புத்தகம் இனி அச்சுக்குப் போகலாம். பென்சில் வரியை மட்டும் அழிக்கவில்லை. அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.