ஒரே பெயரில் இரண்டு டியூப்

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்ஸி. படித்தேன். காலை ஆறு மணிக்கு லேபைத் திறந்து ஒன்பதரை வரை ரத்தம் எடுப்பது, பத்து மணிக்குக் கல்லூரி, நாலு மணிக்குத் திரும்ப லேப், ஒன்பதுக்குப் பூட்டு. கேட்டவர்கள் எல்லாம் கெட்டிக்காரி என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். உண்மையில் அந்த மூன்று வருடமும் பயப்படுவதைத் தவிர வேறு எதையும் நான் முழுசாகச் செய்யவில்லை. லேபில் இருக்கும்போது பரீட்சைப் பயம். கல்லூரியில் இருக்கும்போது லேபில் எதைக் கோட்டை விட்டுவிட்டு வந்தோமோ என்ற பயம்.

கடைசி வருடம், ஐப்பசி மழை நேரத்தில் ஒரு செமஸ்டர் பரீட்சை. அன்று காலை எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு கர்ப்பிணிகள் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். கணுக்கால் வரை கரிசல் சேறு. இருவருக்கும் ரத்த வகை பார்க்க வேண்டும். பச்சைச் சேலை கட்டியிருந்தவளுக்கு அன்று சாயங்காலமே ஆப்பரேஷன். பெயர் கேட்டால் இருவருக்கும் ஒரே பெயர்.

“எங்க ஊர்ல அம்மன் பேரச் சொல்லிக் கூப்புட்டா தெருவே திரும்பிப் பாக்கும்” என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ரத்தம் எடுத்ததும் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே டியூபில் அவருடைய பதிவு நம்பரை எழுதிவிட வேண்டும். லேபில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே அதுதான். அன்று மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. இரண்டு டியூபையும் ஸ்டாண்டில் செருகி, அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையைக் கவிழ்த்து ஹால் டிக்கெட்டைத் தேடினேன். அது கிடைத்த பிறகுதான் 41, 42 என்று எழுதினேன். சோதனை செய்கிற சீனியர் அக்கா பத்து மணிக்கு வருவார். நான் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பரீட்சை ஹாலில் பதிவெண் எழுதும் கட்டத்தில் என் கை 41 என்று எழுதியது. அதை அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதும்போதுதான் அந்த இரண்டு டியூபும் நினைவுக்கு வந்தன. 41 யார்? முதலில் கையை நீட்டியது பச்சைச் சேலைக்காரியா, மற்றவளா? அவளுடைய டியூபை இடது பக்கம் வைத்தேனா, வலது பக்கமா? நடுவில் ஸ்டாண்டை நகர்த்தினேனா? எதுவுமே நினைவில் இல்லை. ஹால் டிக்கெட் மட்டும்தான் நினைவில் இருந்தது.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் மறுபடி பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் பார்க்காமல் விட்டால்? அதுதான் ரிப்போர்ட் இருக்கிறதே என்று நம்பிவிட்டால்? நானும் அவசரத்தில்தானே விட்டேன். போன் வெளியே, பைக்குள் கிடந்தது. எழுந்து நின்றேன்.

“சார், வெளிய போணும்.”

“ஒரு மணி நேரம் ஆவாம யாரையும் விடக் கூடாதும்மா. ஒடம்புக்கு முடியலையா?”

“இல்ல சார்” என்று உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவரே போன் போட ஏற்பாடு செய்திருப்பார். ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தப்பு நிஜமாகிவிடும் போலிருந்தது. லேபில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. அந்த நேரத்திலும் என் பிழைப்பைத்தான் யோசித்திருக்கிறேன், பாருங்கள்.

பச்சைச் சேலைக்காரியின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் எழுதினேன். ஒரு மணி நேரம் முடிந்து மணி அடித்தது. சார் என் பக்கம் வந்து, “இப்பப் போறதுன்னா போம்மா” என்றார்.

பதினைந்து மார்க் கேள்வி ஒன்று பாதியில் இருந்தது. நன்றாகத் தெரிந்த கேள்வி.

“அடிஷனல் ஷீட் குடுங்க சார்” என்றேன்.

பரீட்சை முடிந்து மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து, மழையில் நின்றுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, காலையில வந்த ரெண்டு பிள்ளத்தாச்சி... நம்பர மாத்தி எழுதிட்டேனோன்னு பயமா இருக்குக்கா.”

அக்கா பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ரெண்டு பேருக்குமே பி பாசிட்டிவ்தான். அவிய ரிப்போர்ட்ட வாங்கிட்டு அப்பவே போயாச்சு.”

அப்படியே நனைந்த படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு அக்காவின் குரல் மாறியது.

“ஏட்டி, வேற வேற குரூப்பா இருந்திருந்தா? ஒருத்திக்கு சாயங்காலம் ஆப்பரேசனு. இது ஒனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?”

“இப்பத்தாங்க்கா” என்றேன். “வெளிய வந்த பொறவு.”