அந்த ஊர் பிழைத்துக்கொண்டது

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்த்தால் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்பார்கள். "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" வந்த மனிதர் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் அந்த முறை வந்தபோது முதல் கேள்விக்கு மட்டும்தான் அவரிடம் பதில் இருந்தது.

வளைகுடாவில் ஒரு கடற்கரை நகரம். ஊர் சுற்ற வருகிறவர்களை நம்பியே கட்டிய ஊர். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கிற வேலை அவருக்கு. உலகமே மந்தம் என்று டிவியில் சொன்ன காலத்தில் அங்கே ஆள் வருவது நின்றுபோனது. ஓட்டலில் பாதி மாடிகளைப் பூட்டிவிட்டு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று இவரை அனுப்பிவிட்டார்கள். பொன்னமராவதியில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து என் மாமியார் அழுதார். நானும் அழுதேன். எனக்கு வந்தது சந்தோஷ அழுகை என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமானதிலிருந்து அவர் எனக்கு லீவில் வருகிற ஆள். அந்தத் தடவைதான் திரும்பிப் போகும் டிக்கெட் இல்லாமல் வந்திருந்தார்.

காலையில் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் படுக்கையைச் சரிசெய்திருப்பார். விரிப்பையும் போர்வையையும் சேர்த்து மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகியிருப்பார். ராத்திரி அதற்குள் காலை நுழைக்க நான் மல்லுக்கட்ட வேண்டும்.

"இங்க என்ன, வெள்ளைக்காரனா வந்து படுக்கப் போறான்?" என்று கேட்டால், "கை பழகிருச்சு" என்பார்.

ஒருநாள் துண்டுகளை மடித்து இரண்டு அன்னப்பறவை செய்து படுக்கையில் வைத்தார். எட்டிப் பார்த்த அத்தை, "நல்ல துண்டக் கொக்காக்கி வச்சிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சத்தமாகச் சிரித்தது அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடப் போனார். வேலை இல்லாத நாட்களில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அங்கேயே தங்கிவிட்ட கூட்டாளி ஒருவர் வீடியோ அனுப்புவார். காய்ந்துபோன நீச்சல் குளம், கவிழ்த்துப் போட்ட சாய்வு நாற்காலிகள். துக்கம் கேட்கப் போன முகத்தோடு அதைப் பார்ப்பார். எனக்கோ அந்தக் குளம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

கடைத்தெருவில் மகனைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அத்தைக்கு மாளவில்லை. மாரியம்மனிடம் போனார். "அந்த ஊரு நல்லா ஆகட்டும் தாயே, எம்மவனத் திரும்பக் கூப்புடட்டும். எம்மருமக ஒனக்குப் பால்குடம் எடுப்பா" என்று வேண்டிக்கொண்டு வந்தார். நேர்ந்துகொள்வது மாமியார், சுமப்பது மருமகள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான்.

அத்தைக்குத் தெரியாமல் நான் அதே வாசலில் நின்று வேறொன்று கேட்டிருந்தேன். இவர் இங்கேயே தங்கிவிட்டால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி எனக்கு. அம்மனுக்குக் கொடுக்க அதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு மத்தியானம் அவர் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தார். "தண்ணி விட்டுட்டாங்க" என்றார். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பார்ப்போம். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். குளம் நீலமாகத் தளும்பி நின்றது. கரையெல்லாம் ஆட்கள்.

"அம்புட்டு மாடியும் தெறந்துட்டாங்களாம். ரூமே கெடைக்கலையாம். என்னயக் கூப்புடுறாங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு ஊர் மேல் பொறாமைப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"போகாம இருக்க முடியாதாங்க?" என்றேன்.

"இங்க இருந்து என்னத்தச் செய்ய, நீயே சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

என்னோடு இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதை வேலை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? சோறு வெந்துவிட்டது, இறக்கி வைத்தேன்.

அவர் போன பிறகு கோயிலில் திருவிழா வந்தது. மஞ்சள் சேலை கட்டி, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பால்குடத்தைத் தூக்கினேன். அந்த ஊர் பிழைத்ததற்கு நன்றி சொல்ல இந்த ஊரில் என்னைத்தான் பிடித்திருந்தார்கள். அம்மன் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பாலைச் சிந்தாமல்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

கோயில் வாசலில் அத்தை தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினார். "எம்புட்டு முடி ஆத்தா ஒனக்கு. கண்ணு பட்டுரப் போகுது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் குனிந்து நின்றேன்.

அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான்தான் படுக்கையை விரிக்கிறேன். யாரும் இழுத்துச் செருகாததால் கால் தாராளமாக நுழைகிறது. வீடியோ காலில் பேசும்போது சில நாள், "கொஞ்சம் திரும்பு, முடியப் பாக்குறேன்" என்பார். திரும்பி உட்காருவேன்.

"இன்னும் வளந்துருக்கே. என்ன தேய்க்கிற?"

"தேங்கா எண்ணெதாங்க" என்பேன், திரும்பாமலேயே.