வழுக்கைத் தலையரின் சீப்பு

ஃபீனிக்ஸ் நகரத்து வீடுகளுக்கு நடுவே, ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு மலை கிடக்கிறது. விடிகாலையில் அதில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு எலிசியோவைத் தெரியும். ஏசி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெயில் கொளுத்தும் ஜூலை மாதத்தில் அவர் வேனைக் கண்டால் தெருவே வாசலுக்கு ஓடி வந்த காலம் உண்டு. தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும்.

ஊர்க்காரர் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். பாதையோரம் நிற்கும் தாவும் கள்ளி அப்படிப்பட்டது. தூரத்தில் கரடிப் பொம்மை போலப் புசுபுசுவென்று இருக்கும். பக்கத்தில் போனால் முள் உருண்டை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே வீச்சாக வீசினால்தான் சனியன் ஒழியும்.

ஆர்லீனுக்கு இதெல்லாம் தெரியாது. மினசோட்டாவின் பனிக்குப் பயந்து, குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து தங்குகிற விதவை அவர். முதல் நாளே அந்தச் சீப்பைப் பார்த்துவிட்டார்.

"அட, இந்தக் காலத்துலயும் பையில சீப்பு வச்சிருக்கற ஆம்பளையா! என் வீட்டுக்காரர் பாவம், கல்யாணத்தன்னிக்கே வழுக்கை."

மனுஷன் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தொப்பி கழற்றாத விரதம். உச்சியில் எல்லாரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள, இவர் மட்டும் இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நிற்பார்.

"மண்டை வெந்துடும்டா. அந்தம்மாகிட்ட சொல்லித் தொலையேன்" என்பார் கூட நடக்கும் நண்பர் டெல்பர்ட்.

"ஏப்ரல் வரட்டும்."

"ஏப்ரல்ல அவங்க பெட்டி கட்டிடுவாங்கடா, மடையா!"

எலிசியோவுக்கும் அதே கவலைதான். வெயில் ஏறினால் குளிருக்குப் பயந்து வந்தவர்கள் பறந்துவிடுவார்கள். ஆர்லீன் போகக் கூடாது. இங்கேயே இருங்கள் என்று கேட்டுவிட வேண்டும். கேட்கலாம்தான், தொப்பிக்குள் ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறதே!

ஏப்ரலும் வந்தது. ஒருநாள் டெல்பர்ட் முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லி நாசூக்காக நின்றுகொண்டார். மலையிலிருந்து இறங்கும்போது எலிசியோ துணிந்துவிட்டார்.

"ஆர்லீன், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

சொல்லிவிட்டு, கொஞ்சம் கம்பீரமாகப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்த இடம் கள்ளி. முப்பது வருஷம் மலையேறின மனுஷன்!

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல... பையில... சீப்பு..."

"இப்பப் போயா தலை சீவணும்?"

"தலைக்கு இல்லம்மா! பின்னாடி! பின்னாடி!"

குனிந்து துள்ளியதில் தொப்பி கழன்று பள்ளத்தில் உருண்டது. காலை வெயில் தலையில் பளீரென்று அடித்தது. ஆர்லீன் சீப்பைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்போ இந்தச் சீப்பு..."

"இதுக்குத்தான்."

"வேற எதுக்கும் இல்லையா?"

"வேற எதுக்கு? சீவறதுக்கு என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க!"

ஆர்லீன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக் களைத்து, பக்கத்துப் பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். பாறை மேல் ஏற்கெனவே ஒரு முள் உருண்டை உட்கார்ந்திருந்தது.

ஒரே சீப்பு. அவர் இவருக்கு எடுத்துவிட்டார், இவர் அவருக்கு எடுத்துவிட்டார். ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் விசாரிக்காமல் "குட்மார்னிங்" சொல்லிக் கடந்தார்கள். கேட்க வந்த கேள்வி அந்த முள்ளோடு முள்ளாகப் போயிற்று.

வெட்கத்தில் சில நாள் எலிசியோ மலைப்பக்கமே போகவில்லை. ஆர்லீன் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைக்க நினைக்க வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் ஒரு காலை, வெறுந்தலையோடு போனார். மலையடிவாரத்தில் ஆர்லீன் நின்றிருந்தார்.

"அன்னைக்கு என்னமோ கேக்கணும்னீங்களே?"

"அது... நீங்க ஊருக்கு எப்போ..."

ஆர்லீன் பையிலிருந்து அகலப் பல் வைத்த புத்தம்புது ரோஸ் சீப்பு ஒன்றை எடுத்தார்.

"மினசோட்டாவுல ஏதுங்க கள்ளி?"

எலிசியோ வெட்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். தலையில் தொப்பி இல்லை.