அமாவாசையன்று அடித்த சம்மட்டி

எழுபதுகளின் தொடக்கம். நிலத்தடி நீர் தேடும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பு எனக்கு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு வயலில் கிணறு வெட்டலாமா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள்.

தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்போம். சற்றுத் தள்ளி ஊன்றிய கருவிக்கு அந்த அதிர்வு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று ஒரு முள் காகிதத்தில் கோடு போடும். மண்ணில் அதிர்வு மெதுவாகப் போகும், பாறையில் பாய்ந்து போகும். தூரத்தையும் நேரத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கணக்குப் போட்டால், பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

என் கணக்கில் பன்னிரண்டு அடியிலேயே கெட்டிப் பாறை. இங்கே வெட்டிப் பிரயோசனமில்லை என்று கையை விரித்தேன். வயல்காரர் தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு துண்டு நிலம். இனி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் கிணற்றில்தான் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டும்.

கருவிக்குக் குடை பிடித்திருந்த அவர் மனைவி மட்டும், "சம்மட்டி விழறதுக்கு முன்னாடியே முள்ளு ஆடிக்கினு இருந்துச்சே சார்" என்றார்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கோட்டில் சேராத நாலைந்து புள்ளிகளை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

மறுநாள் காலை, வயலை ஒட்டிய தெருவில் இருந்த அவர்கள் வீட்டில் வைத்திருந்த கருவியை எடுக்கப் போனேன். தெருவே அமைதியாக இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"இன்னிக்கு அமாவாசை சார். தறி ஓடாது" என்றார் அந்த அம்மா.

சுருக்கென்றது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு, தரையில் பள்ளம் தோண்டிப் பதித்த குழித்தறி. நெய்கிறவர்கள் அடித்த ஒவ்வொரு அடியும் தரை வழியாக என் கருவிக்கு வந்திருக்கிறது. அதைத்தான் பாறையில் பாய்ந்து வந்த அதிர்வு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜீப்பில் ஏற்ற வேண்டிய கருவியை மறுபடி வயலுக்குத் தூக்கிப் போனோம். சம்மட்டி விழும்வரை முள் அசையவே இல்லை. எதையும் அழிக்காமலே புள்ளிகள் வரிசையில் விழுந்தன. கெட்டிப் பாறை நாற்பது அடிக்குக் கீழேதான். அதுவரை தண்ணீர் தங்கக்கூடிய சிதைந்த பாறை.

நேற்று சொன்னது தப்பு என்று அவர்களிடம் ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா குத்திக்காட்டவில்லை. "அப்ப வெட்டலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். வெட்டினார்கள், முப்பதாவது அடியில் ஊற்று வந்தது.

அன்று அமாவாசையாக இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பம் பங்காளி வாசலில் நின்றிருக்கும். நானோ என் கணக்கு சரியென்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன்.