சூசை அண்ணை சொல்லாத வாக்கியம்

சூசை அண்ணை சொல்லாத ஒன்றை, அவர் சொன்னதாகப் பிரெஞ்சில் சொன்னவன் நான். அதனால் அவருக்கு வேலை போனது. என் வேலை தப்பியது. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... என் மனைவியிடம்கூட.

உங்களுக்கு விளங்க வேண்டுமானால் முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஏழில் மொன்றியலில் ஒரு கசினோவில் நாங்கள் இருவரும் ஸ்லொட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரங்களைத் திருத்துபவர்கள். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். கதவைத் திறப்பவர் நேரத்தையும் செய்த வேலையையும் அதில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடைசியாகத் திறந்தவர் யார் என்பதற்கு அதுவே சாட்சி.

அன்று பெரிய வெள்ளி. சூசை அண்ணை மன்னார்க்காரர். சிலுவைப்பாதைக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. விடுப்போ கிடைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணித்தியாலம் நழுவிப் போய்வருகிறேன் என்றார். நான்தான் பெரிய மனிதன்போல, உங்கள் மெஷின்களையும் நானே பார்க்கிறேன், கையெழுத்தையும் உங்கள் பெயரில் போட்டுவிடுகிறேன் என்றேன். என் தீபாவளிக்கு அவரும் எனக்கு அப்படிச் செய்திருக்கிறார்! இருவருக்கும் அது தவறாகவே படவில்லை.

ஒரு மெஷினில், எண்கள் சுழலும் மூன்றாவது சில்லு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சில்லின் இடத்தைப் பார்க்கும் சென்சரில் தூசி. துடைத்தேன். கழற்றிய சென்சர் வயரைத் திரும்பச் செருகும்போது அது இறுகப் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. இன்னும் நான்கு மெஷின்கள் காத்திருந்தன... ஓட்டிப் பார்க்கவும் இல்லை. துடைத்துச் சோதித்தாயிற்று என்று எழுதி, சூசை அண்ணையின் கையெழுத்தைப் போட்டேன். அத்தனை சுலபமாக!

அந்த வயர் தளர்ந்து, மறுநாள் அதில் ஒரு முதிய பெண்ணுக்குப் பெரும் பரிசுக்குரிய மூன்று ஏழுகள் வரிசையாக நின்றன. உள்ளே இருந்த கணினியோ பரிசில்லாத வேறு வரிசையைப் பதிந்திருந்தது. மெஷின் பழுது, பரிசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் இருக்கையை விட்டு எழ மறுத்து அழுதாளாம். முறைப்பாடு மேலே போனது. அட்டையை எடுத்தார்கள்.

விசாரணை அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஏன் தெரியுமா? சூசை அண்ணைக்குப் பிரெஞ்சு ஓடாது, எனக்கு ஓடும். மொழிபெயர்க்க என்னைத்தான் நம்பினார்கள்! அந்தக் கதவைத் திறந்தபோது என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கச் சொன்னார் மேலாளர். கேட்டேன்.

அண்ணை என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போனதைச் சொல்லு. அதுக்கு என்ன செய்தாலும் செய்யட்டும். திறந்தது ஆர் எண்டதை நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டன்."

அந்த அறையில் தமிழ் விளங்கிய வேறு ஆள் இல்லை. என் மனைவி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை... அதை ஒரு காரணமென்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லையா? அண்ணையும் தாயைக் கனடாவுக்குக் கூப்பிட, செலவுக்குத் தானே பொறுப்பென்று ஸ்பொன்சர் போட்டிருந்தார். வேலை போனால் அதுவும் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"சோதித்துப் பார்க்க மறந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

மேலாளர் எழுதிக்கொண்டார். காட்டிய இடத்தில் அண்ணை கையெழுத்து வைத்தார்.

அவருக்கு விளங்கியதா? பத்து வருடம் மொன்றியலில் இருந்தவருக்கு, மறப்பதற்கான பிரெஞ்சுச் சொல்கூடவா தெரியாமல் இருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் பேசாமல் இருந்தார்? எத்தனை தரம் என்னையே கேட்டுவிட்டேன்...

வேலை போனதும் அண்ணை டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். அந்தச் சம்பளம் ஸ்பொன்சருக்குப் போதவில்லை. அடுத்த ஆண்டு மன்னாரில் சண்டை பெருத்தது. இடம்பெயர்ந்து போன வழியில், காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் அவருடைய தாய் இறந்துபோனார்.

துக்கம் விசாரிக்க, மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த அண்ணையின் வீட்டுக்குப் போனேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள்! அண்ணை என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். ஆறுதல் சொல்ல வந்திருந்த பங்குச் சுவாமியாரிடம் கூட்டிப் போனார்.

"சுவாமி, அண்டைக்கு எனக்காண்டிப் பிரெஞ்சில கதைச்ச தம்பி இவர்தான்."

அவர் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா... இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவாமியார் என் தோளைத் தட்டி, நல்ல பிள்ளை என்றார்.

நான் சுவாமியாருக்கு நன்றி சொன்னேன்.